ஒஸ்காரும் விருதும்

சென்ற தவணையில் மேல்வகுப்பு மாணவர் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அவற்றுள் ஒன்றில், 'தெய்வமகன் ஒஸ்கார் விருதுக்குத் தெரிவாகிய முதல் தமிழ்ப்படம். ஆகவே தமிழ்த் திரையுலகம் 1969இலேயே உலகப் பரிசைப் பெற்றுவிட்டது' என்றொரு வாக்கியத்தைக் கண்டேன். சிவப்பு மையாற் கோடிட்டேன். மாணவன் விடுவதாக இல்லை. மறுநாள் பத்திரிகைத் துண்டொன்றைக் கொணர்ந்து, 'தெரிவாகியது என்று அச்சிலேயே இருக்கின்றதே, சேர்' என்றான். துண்டில் அவ்வாறே இருந்தது. பிழை மாணவனுடையதன்று, 'தெரிவு' என்னும் சொல்லை ஆண்ட முறையிலுள்ளது என்பதை அப்போதே உணர்ந்தேன். இக்கட்டுரை அதன் விளைவாகும்.

ஒஸ்கார் என்பது உண்மையில் ஒரு பட்டப்பெயர். அமெரிக்காவின் திரைப்படக் கலை, விஞ்ஞானக் கழகம் 1927இல் நிறுவப்பட்டது. அது தன் முதற் பரிசளிப்பை 1929ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி ஹொலிவூட்டிலுள்ள ஹோட்டல் ஒன்றில் நடத்தியது. அங்கு வழங்கப்பட்ட சிலையின் முறையான பெயர் 'கழகத்தின் தகுதி விருது' எனப் பொருள்படுவது. 13½ அங்குல உயரமும் 8½ இறாத்தல் நிறையுமுடைய அச்சிலைக்கு ஒஸ்கார் என்னும் ஆட்பெயர் எவ்வாறு வாய்த்தது என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. கழகத்தின் நூலகராக இருந்த மார்கரட் ஹெரிக் என்னும் அம்மையார், சிலை தம் உறவினர் ஒஸ்காரைப் போலிருக்கின்றதென்றார் என்பது ஒரு கதை. நடிகை பெற்றி டேவிஸ் தம் கணவரின் பெயரை அதற்கு இட்டார் என்பது மற்றொன்று. 1934இல் சிட்னி ஸ்கொல்ஸ்கி என்னும் பத்திரிகையாளர் அப்பெயரை அச்சில் ஆண்டார் என்பதும், கழகம் அதனை 1939இல் தன் பெயராகவே ஏற்றுக்கொண்டது என்பதும் உறுதி. நகையாடலாய்த் தொடங்கிய பெயர் பத்தாண்டுக்குள் முறைப்பெயரைப் பின்தள்ளிவிட்டது.

இப்பெயரை எழுதும் வகையிலும் நமக்கும் தமிழகத்தாருக்கும் வேறுபாடு உண்டு. அவர்கள் 'ஆஸ்கர்' என்பர். நாம் 'ஒஸ்கார்' என்போம். 'டாக்டர்', 'டொக்டர்' என்பனவற்றில் உள்ள அதே வேறுபாடுதான். ஆங்கிலத்தின் அகன்ற ஒகரத்தை அவர்கள் ஆகாரமாகக் கேட்டனர். நாம் ஒகரமாகக் கேட்டோம். சிங்களத்திலும் ஒகரமே வழங்குவதால், கொழும்பிலே படிக்கும் பிள்ளைக்கு ஒஸ்கார் என்பதே நாவில் இயல்பாக வரும். தமிழகப் பத்திரிகையைப் பார்த்து ஒரு பத்தியில் ஆஸ்கர் என்றும் அடுத்ததில் ஒஸ்கார் என்றும் எழுதுவதே தவறு. கிரந்த எழுத்தை ஒழித்து எழுத விரும்புவாரைத் தடுப்பார் இல்லை. தொல்காப்பியர் வடசொற்கு வகுத்த நெறி அவர்க்குத் துணைநிற்கும்.

இனித் 'தெரிவு' என்னும் சொல்லுக்கு வருவோம். பிறநாட்டுப் படங்களுக்குரிய பிரிவில் நான்கு படிகள் உள. நெடுங்கால வழக்கின்படி ஒரு நாடு தன் படமொன்றைத் தேர்ந்து அனுப்புதல் முதற்படி. அனுப்பப்பட்டவற்றிற் சிலவற்றைக் கழகத்தார் குறும்பட்டியலிற் சேர்த்தல் இரண்டாவது. அப்பட்டியலிலிருந்து ஐந்தை முன்மொழிதல் மூன்றாவது. ஐந்தனுள் ஒன்று விருது பெறுதல் நான்காவது. சிவாஜி கணேசன் மூன்று வேடந் தாங்கிய தெய்வமகன் இந்தியாவினால் அனுப்பப்பட்டது, அவ்வளவே. நாயகன், அஞ்சலி, தேவர் மகன், விசாரணை, கூழாங்கல் ஆகியவையும் பின்னர் அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றேனும் மூன்றாம் படியை எட்டவில்லை. இந்தியப் படங்களுள் அப்படியை எட்டியவை மதர் இந்தியா, சலாம் பொம்பே, லகான் என்னும் மூன்றே. நான்கு படிக்கும் 'தெரிவு' என்னும் ஒரே சொல்லை ஆண்டால், வாயிலில் நின்றவனும் அரியணையில் இருந்தவனும் ஒருவனாகிவிடுவர். சூரரைப் போற்று, ஜெய் பீம் ஆகியன இதற்கும் கீழான ஒரு பட்டியலில், அதாவது போட்டியிடத் தகுதியுடைய நூற்றுக்கணக்கான படங்களின் நிரலில், இடம்பெற்றபோதும் 'ஒஸ்காருக்குத் தெரிவு' என்றே பலரும் கொண்டாடினர். தமிழர் ஒருவர் அச்சிலையைக் கையிலேந்தியது 2009இல். ஏ. ஆர். ரகுமான் இசைக்கும் பாட்டுக்குமாக இரண்டு சிலைகளைப் பெற்று, அம்மேடையிலே தமிழிலும் ஒரு தொடர் சொன்னார். அப்படமோ தமிழ்ப்படமன்று, இந்தியா அனுப்பிய படமுமன்று.

அனுப்பப்பட்டது, பட்டியலிடப்பட்டது, முன்மொழியப்பட்டது, பெற்றது என நான்கு வினைகள் தமிழில் இருக்கின்றன. அவற்றை ஆள்வதில் நமக்கு என்ன முடை?

'விருது' என்னும் சொல்லின் வரலாறு இதனினுஞ் சுவையானது. வடமொழியிற் பிருதம் என வழங்குவது இது. வெற்றிக்கொடி, சின்னம், பட்டப்பெயர் என்பன இதன் பழம்பொருள்கள். பல்லவ வேந்தன் மகேந்திரவர்மன் விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்றெல்லாம் தனக்கு விருதுப்பெயர் பூண்டான். அவன் வழிவந்த இராசசிம்மனோ இருநூற்றுக்கு மேற்பட்ட விருதுப்பெயர்களைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சுற்றிலே பொறிப்பித்தான். அரசன் உலா வருகையில் இவற்றை அடுக்கிக் கூறுதல் விருதாவளி எனப்பட்டது. (வீண் எனப் பொருள்படும் 'விருதா' வேறு சொல், இரண்டையும் ஒன்றாக்கி நகையாடுவார் சிலர்.) ஆக, பழைய விருது பிறர் கொடுக்க வாங்குவதாக மட்டும் இருந்ததில்லை, தானே பூண்டு கொள்வதாகவும் இருந்தது. இன்று அப்பொருள் முற்றும் ஒழிந்தது. 1954இல் வெளிவந்த மலைக்கள்ளன் இந்தியக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப்பதக்கம் பெற்றது, அது 'பதக்கம்'. இன்றோ பதக்கம், கேடயம், சிலை, பணம் யாவும் விருது என்னும் ஒரு குடைக்கீழ் வந்துவிட்டன.

நம் நாட்டில் மற்றொரு சிக்கல் உண்டு. மாளிகாவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியிலே தமிழும் சிங்களமும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றன. சிங்களத்தில் விருதுக்குச் 'சம்மான' என்று பெயர். அதனைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் தமிழில் 'சரசவிய சன்மானம்' என்று எழுதிவிடுகின்றனர். இரண்டும் ஒரே வடசொல்லின் மக்கள்தாம். நன்கு மதித்தல் என்பதே மூலப்பொருள். ஆயினும் தமிழில் சன்மானம் கைக்கூலியின் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பத்திரிகைக்குக் கதை எழுதினவருக்குக் கிடைப்பது சன்மானம். சிறந்த நடிகருக்குக் கிடைப்பதை அவ்வாறு சொன்னால் அவர் கூலிக்கு நடித்தார் என்றாகும்.

சரசவிய என்பதும் ஆராயத்தக்கது. சிங்களத்திற் சரசவி என்பது சரசுவதி. சரசவிய என்பது அவள் உறையுமிடம், அதாவது பல்கலைக்கழகம். அப்பெயர் தாங்கிய திரைப்பட வார இதழ் 1963இல் தோன்றி, 1964இல் விருதுகளைத் தொடங்கியது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் கம்பெரலிய அவ்வாண்டிற் சிறந்த படமாயிற்று. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட அப்படமே 1965இல் புதுதில்லித் திரைப்பட விழாவில் தங்கமயிலையும் வென்றது. இவ்விருதை 'இலங்கையின் ஒஸ்கார்' என்று மேடையிற் சொல்லக் கேட்டிருக்கின்றேன். வாணியின் பெயரை உடையதற்கு யாரோ ஒருவரின் உறவினர் பெயரைச் சூட்டுவானேன்?

நம் பழஞ்சொல் பரிசில். பாணர்க்குப் பொற்றாமரையும் விறலியர்க்குப் பொன்னரிமாலையும் அளித்தமையைச் சங்கச் செய்யுள்கள் கூறும். அக்காலத்திற் பரிசிலை மறுத்தவரும் உளர். அதியமான் தம்மைக் காணாமலே பொருள் அனுப்பியபோது பெருஞ்சித்திரனார், தாம் பொருளுக்காக மட்டும் வந்த வணிகரல்லர் என்று கூறி அதனை ஏற்க மறுத்தார். தம் புலமையின் அளவறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் இனிது என்றார். அமெரிக்கக் கழகம் 2025ஆம் ஆண்டு ஏப்பிரலிற் புதுவிதி ஒன்றை அறிவித்தது: இறுதி வாக்களிப்போர் ஒரு பிரிவில் முன்மொழியப்பட்ட படங்கள் அனைத்தையும் பார்த்திருத்தல் வேண்டும். தொண்ணூற்றைந்து ஆண்டுக்கு மேலாகப் பாராமலே வாக்களிக்க இடமிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இச்செய்தியை வகுப்பிற் கூறியபோது அம்மாணவன், 'அப்படியானால் தெய்வமகனை அவர்கள் பார்த்திருப்பார்களா, சேர்?' என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. தன் வாக்கியத்தை மட்டும் 'தெய்வமகன் ஒஸ்கார் விருதுக்காக இந்தியாவினால் அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப்படம்' எனத் திருத்திக் கொணர்ந்தான். முழுப்புள்ளி இட்டேன்.