உங்களுக்குத் தெரியுமா? தானாக வந்து சேர்ந்த ஆயிரம் பேர்

● அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆபிரகாம் லிங்கன் படைக்கு ஆள் கேட்டது 1861 ஏப்ரல் 15 அன்று. ஆனால் அதற்கு முந்தின நாளே ஒரு மாநிலம் ஆள் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டது! சம்டர் கோட்டை தெற்கத்தியர் கையில் விழுந்த செய்தி வந்த வேளையில் மினசோட்டா ஆளுநர் அலெக்ஸாண்டர் ராம்சே ஏதோ வேலையாக வாஷிங்டனில் இருந்தார். நேராகப் போர்த்துறைச் செயலர் சைமன் கேமரனைப் பார்த்து, ஆயிரம் பேர் அனுப்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அப்போது மினசோட்டா மாநிலமாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. மொத்த மக்கள்தொகையே 1,72,000 சொச்சம். ராம்சேயிடம் படை என்று சொல்லிக்கொள்ள இருந்தவை ஊருக்கு ஊர் இருந்த சில தொண்டர் குழுக்கள்தான்.

● வாக்கைக் காப்பாற்ற ஆளுநருக்கு இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது. ஏப்ரல் 29 அன்று ஸ்னெல்லிங் கோட்டையில் 'முதல் மினசோட்டா தன்னார்வக் காலாட்படை ரெஜிமென்ட்' உறுதிமொழி எடுத்துக்கொண்டது. மரம் வெட்டுபவர், விவசாயி, வக்கீல், கடைக் கணக்கர் என்று சகலரும் அதில் இருந்தார்கள். வந்தவர்களில் யார் முதல் ஆள் என்பதில் மட்டும் இன்றுவரை சண்டை ஓயவில்லை. செயின்ட் பால் நகரம் ஜோசையஸ் கிங் என்கிறது. அனோகா ஊர் ஆரன் கிரீன்வால்ட் என்கிறது. கிங் போர் முடிந்து நெடுங்காலம் வாழ்ந்தார். கிரீன்வால்ட் கெட்டிஸ்பர்க் போரில் உயிரை விட்டார்.

● ஒரு ரெஜிமென்டில் பத்து கம்பெனிகள். ஏ, பி, சி என்று தொடங்கி கே வரை போகும். எண்ணிப் பார்த்தால் பதினொன்று வருகிறதே என்கிறீர்களா? நடுவில் 'ஜே' கம்பெனி கிடையாது. கையெழுத்தில் 'ஐ'யும் 'ஜே'யும் ஒன்றுபோலத் தெரிந்து குழப்பும் என்பதால் விட்டுவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

● தன்னார்வப் படைகளில் கம்பெனி அதிகாரிகளைச் சிப்பாய்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது அந்தக் கால வழக்கம். நேற்று வரை பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் இன்று கேப்டன். அதனால் சல்யூட் வைப்பதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார்கள். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும்.

● போர்முனைக்குப் புறப்பட்டபோது அவர்கள் ஏறியது ரயிலில் அல்ல, மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில். காரணம் எளிது. மினசோட்டாவில் அப்போது ரயிலே ஓடவில்லை. அங்கே முதல் ரயில் 1862இல்தான் வந்தது.

● வடக்கத்திய ராணுவம் என்றதும் நீலச் சீருடைதானே கண்முன் வருகிறது? மாநில அரசு இவர்களுக்கு முதலில் கொடுத்தது சிவப்பு ஃபிளானல் சட்டை. 1861 ஜூலை 21 அன்று முதலாம் புல் ரன் போர்க்களத்துக்குச் சிவப்புச் சட்டையோடுதான் போனார்கள். எதிர்ப்பக்கத்திலோ விர்ஜீனியா ரெஜிமென்ட் ஒன்று நீலம் உடுத்தி வந்தது! யார் நம்மாள், யார் எதிராளி என்று தெரியாமல் இருதரப்பும் தடுமாறின. வாஷிங்டனிலிருந்து கனவான்கள் சாப்பாட்டுக் கூடையோடு வண்டி கட்டி வேடிக்கை பார்க்க வந்ததும் இதே போருக்குத்தான். மாலையில் அவர்களும் தோற்ற படையோடு சேர்ந்து ஓடினார்கள். ஹென்றி குன்றில் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்ற மினசோட்டாக்காரர்களின் இழப்பு அன்றைக்கு வடக்கின் மிகப் பெரிய இழப்புகளில் ஒன்று.

● தானாக வந்தவர்கள் என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் கேட்டது மூன்று மாத சேவை. சில வாரங்களிலேயே அரசு அதை மூன்று வருடம் என்று மாற்றியது. சிலர் மறுத்து வீட்டுக்குப் போனார்கள், அவர்கள் இடத்தில் புதியவர்கள் வந்தார்கள். புல் ரன் தோல்விக்குப் பிறகு, ஒப்புக்கொண்ட கெடு முடிந்துவிட்டது, எங்களை விடுங்கள் என்ற குரல் ரெஜிமென்டுக்குள்ளேயே எழுந்தது. ஒரு சிப்பாய் ஆட்கொணர்வு மனுப் போட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வெய்ன் வரை போய்விட்டார். மனு தள்ளுபடி ஆனது. வெய்ன் தென்மாநிலமான ஜார்ஜியாவைச் சேர்ந்தவர் என்பது கூடுதல் சுவாரசியம். துப்பாக்கியைத் தூக்கிய கையோடு சட்டப் புத்தகத்தையும் புரட்டிய இந்த மனிதரைக் கோழை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

● சம்பளம்? சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். அதுவும் மாதம் தவறாமல் வந்ததில்லை.

● 1862 செப்டம்பர் 17. மேரிலாந்தில் ஆன்டீட்டம் ஓடைக் கரை. செட்ஜ்விக் தலைமையிலான டிவிஷன் மேற்குக் காட்டுக்குள் நுழைந்தது. மூன்று பக்கமும் எதிரிகள். அரை மணிக்குள் அந்த டிவிஷன் 2,200 பேருக்கு மேல் இழந்தது. அதில் முதல் மினசோட்டாவும் ஒன்று. மற்ற ரெஜிமென்டுகள் சிதறியபோது இவர்கள் ஓரளவு ஒழுங்காகப் பின்வாங்கினார்கள் என்பதே அன்றைய பெருமை.

● அதே கோடையில் இவர்களின் சொந்த ஊரும் எரிந்துகொண்டிருந்தது. ஒப்பந்தப்படி வர வேண்டிய பணம் வராமல் பட்டினி கிடந்த டகோட்டா பழங்குடியினர் 1862 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தார்கள். குடியேறிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். விர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் நின்ற சிப்பாய்கள் குடும்பம் என்ன ஆயிற்றோ என்று கடிதத்துக்கும் பத்திரிகைக்கும் காத்திருந்தார்கள். திரும்பிப் போக அனுமதி இல்லை. கிளர்ச்சி அடக்கப்பட்டு, டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் 38 டகோட்டாக்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் நிறைவேற்றப்பட்ட மிகப் பெரிய மரண தண்டனை அது. முதல் மினசோட்டாவுக்கு கர்னலாக இருந்த ஆல்ஃபிரட் சல்லி பிறகு மேற்கே அனுப்பப்பட்டு, 1863இலும் 1864இலும் டகோட்டா, லகோட்டா மக்கள் மீது படையெடுப்பு நடத்தினார். அடிமை முறை வேண்டும் என்றவர்களை எதிர்த்து நின்ற ராணுவம்தான் இதையும் செய்தது. வீரக்கதை சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

● கெட்டிஸ்பர்க்கின் பெரிய நாயகனாகக் கொண்டாடப்படும் கர்னல் வில்லியம் கோல்வில், அந்தப் போருக்கு வந்து சேர்ந்தது கைது செய்யப்பட்ட நிலையில்! ஆறடி ஐந்தங்குல உயரம், வக்கீல், ரெட் விங் ஊரில் பத்திரிகை நடத்தியவர். 1863 ஜூன் 29 அன்று ஒரே நாளில் சுமார் 50 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. வழியில் ஓர் ஓடை. தண்ணீரில் இறங்கி நேராகக் கடக்க வேண்டும், நேரம் வீணாகக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஈர பூட்ஸோடு நடந்தால் கால் கொப்பளிக்கும் என்பது நடக்கிறவனுக்குத் தெரியும். ஆட்கள் மரக்கட்டை மேல் ஏறி ஒவ்வொருவராகக் கடந்தார்கள். கோல்வில் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேப்டனாகிற படை என்று மேலே சொன்னேன் அல்லவா? அதற்குத்தான் கைது. சண்டைக்குச் சற்று முன் அவரே கேட்டுக்கொண்டதன் பேரில் தலைமை திரும்பக் கிடைத்தது.

● ஜூலை 2 மாலை நடந்ததுதான் இந்த ரெஜிமென்டை வரலாற்றுப் புத்தகத்தில் ஏற்றியது. வடக்கின் ஜெனரல் சிக்கிள்ஸ் தன் படையை வரிசையை விட்டு வெகுதூரம் முன்னே கொண்டுபோய் நிறுத்தி, அது உடைந்து ஓடிவந்துகொண்டிருந்தது. துரத்தி வந்தது தெற்கின் ஜெனரல் வில்காக்ஸுடைய அலபாமா பிரிகேட், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கல்லறை மேட்டில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. அதைப் பிடித்தால் வடக்கின் வரிசை இரண்டாகப் பிளக்கும். அடைக்க வேறு படை வந்துகொண்டிருக்கிறது, ஆனால் ஐந்து நிமிடமாவது ஆகும். ஜெனரல் ஹான்காக் சுற்றிப் பார்த்தார். கண்ணில் பட்டது எட்டு கம்பெனிகள், 262 பேர். இவர்கள் எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார், எதிரியின் கொடியைக் காட்டினார், போய்ப் பிடி என்றார்.

பயனெட் மாட்டிய துப்பாக்கியோடு இறக்கத்தில் இறங்கி ஓடினார்கள். வறண்ட ஓடை ஒன்றில் அலபாமாக்காரர்களின் முதல் வரிசையை மோதிப் பின்னுக்குத் தள்ளி, அங்கேயே பாறை மறைவில் படுத்துச் சுட்டார்கள். கொடி ஐந்து முறை விழுந்தது, ஐந்து முறையும் வேறொருவர் தூக்கினார். கோல்வில் தோளிலும் காலிலும் குண்டடிபட்டுச் சாய்ந்தார். கேட்ட ஐந்து நிமிடம் கிடைத்தது. வேண்டியதற்கு மேலேயே கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நினைவுச்சின்னத்தில் பொறித்த கணக்கு: போனவர் 262, விழுந்தவர் 215, எஞ்சியவர் 47, காணாமல் போனவர் எவரும் இல்லை. அதாவது 82 சதவீத இழப்பு. பிற்கால ஆய்வாளர்கள் சிலர் பட்டியல்களைச் சரிபார்த்து இழப்பைக் குறைத்துச் சொல்கிறார்கள். கல்லில் வெட்டியதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே என் கருத்து. குறைத்த கணக்கும் குலைநடுங்க வைக்கிற கணக்குதான்.

● ஒப்பிட்டுப் பார்க்க: 1854இல் கிரிமியப் போரில் பிரிட்டிஷ் 'லைட் பிரிகேட்' குதிரைப்படை நடத்திய தாக்குதலில் சுமார் 670 பேரில் 110 பேர் இறந்தார்கள், 160 பேர் காயப்பட்டார்கள். அதற்கு டென்னிசன் கிடைத்தார், பாடப்புத்தகத்தில் இடம் கிடைத்தது. மினசோட்டாவுக்கு அப்படி ஒரு கவிஞர் அமையவில்லை.

● கோல்வில் தொடக்கத்தில் கேப்டனாக இருந்தது 'எஃப்' கம்பெனிக்கு. அவருடைய சொந்த ஊர்க்காரர்கள் நிறைந்த அந்தக் கம்பெனி ஜூலை 2 தாக்குதலில் இல்லை. வேறு பக்கம் அனுப்பப்பட்டிருந்தது.

● மறுநாள் மிஞ்சியவர்களுக்கு ஓய்வு கிடைத்ததா? இல்லை. ஜூலை 3 அன்று பிக்கெட்டின் புகழ்பெற்ற தாக்குதல் வந்து மோதிய பகுதியில் இவர்கள் மறுபடி நின்றார்கள். கோல்விலுக்குப் பிறகு தலைமை ஏற்ற கேப்டன் மெசிக் அங்கே இறந்தார். 'சி' கம்பெனிச் சிப்பாய் மார்ஷல் ஷெர்மன், 28ஆவது விர்ஜீனியா ரெஜிமென்டின் கொடியைப் பறித்தார். அதற்காக அவருக்கு நாட்டின் மிக உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது.

● அந்தக் கொடிக்கு இன்னும் வழக்கு தீரவில்லை. செயின்ட் பால் நகரில் மினசோட்டா வரலாற்றுச் சங்கத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. எங்களுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று விர்ஜீனியா பலமுறை கேட்டுவிட்டது. 2000இல் ஆளுநராக இருந்த ஜெஸ்ஸி வென்ச்சுரா முன்னாள் மல்யுத்த வீரர். ஜெயித்தது நாங்கள்தானே, எதற்குக் கொடுக்க வேண்டும் என்கிற தோரணையில் பதில் சொன்னார். 2013இல், போரின் 150ஆம் ஆண்டையொட்டி இரவலாகக் கேட்டபோதும் ஆளுநர் மார்க் டேட்டன் மறுத்துவிட்டார்.

● ஜூலையில் தெற்கை எதிர்த்து நின்றவர்கள் ஆகஸ்டில் எங்கே நின்றார்கள் தெரியுமா? நியூயார்க்கில், தங்கள் பக்கத்து மக்களுக்கு எதிரே. கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து 1863 ஜூலை நடுவில் அங்கே பெருங்கலவரம் நடந்திருந்தது. 300 டாலர் கட்டினால் தப்பிக்கலாம் என்ற விதி ஏழைகளைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோபம் கறுப்பின மக்கள் மீது கொலைவெறியாகத் திரும்பியது. குலுக்கல் மறுபடி தொடங்கியபோது காவலுக்குக் கொண்டுவரப்பட்ட படைகளில் முதல் மினசோட்டாவும் ஒன்று. விரும்பி வந்தவர்கள், விரும்பாதவர்களைப் படையில் சேர்க்கக் காவல் நின்றார்கள்!

● மூன்று வருடக் கெடு முடிந்து 1864 வசந்தத்தில் ரெஜிமென்ட் ஸ்னெல்லிங் கோட்டையில் கலைக்கப்பட்டது. போர் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஷெர்மன் உட்பட ஒரு பகுதியினர் மறுபடி கையெழுத்துப் போட்டு 'முதல் மினசோட்டா பட்டாலியன்' ஆகத் திரும்பிப் போனார்கள். இந்த முறையும் அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

● ஸ்டில்வாட்டர் ஊரைச் சேர்ந்த 'பி' கம்பெனியின் பழைய சிப்பாய்கள் 34 பேர் 1880களில் 'கடைசி மனிதர் சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆண்டுதோறும் ஜூலை 21, புல் ரன் நாளில் விருந்து. நடுவில் ஒரு ஒயின் புட்டி. எல்லோரும் போனபின் மிஞ்சுகிற ஒருவர் அதைத் திறந்து தோழர்கள் பெயரைச் சொல்லிக் குடிக்க வேண்டும். 1930இல் சார்லஸ் லாக்வுட் மட்டும் மிஞ்சினார். புட்டியைத் திறந்தார். ஒயின் கெட்டுப்போயிருந்தது.

● 1905இல் ரெஜிமென்டின் கொடியைப் புதிய தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்ல ஏற்பாடு. அதில் கலந்துகொள்ள வந்திருந்த கோல்வில், விழாவுக்கு முன்பே காலமானார். 1928இல் கேனன் ஃபால்ஸ் ஊரில் அவர் சிலையைத் திறந்துவைக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜே வந்தார்.

● கடைசியாக, அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வாசகர்களுக்கு ஒன்று. வாஷிங்டனிலிருந்து கெட்டிஸ்பர்க் இரண்டு மணி நேரப் பயணம்தான். அங்கே துப்பாக்கியோடு ஓடும் சிப்பாயின் வெண்கலச் சிலையை வழிகாட்டிகளே காட்டுவார்கள். யேக்கப் ஃபெல்டே வடித்தது. அதோடு திரும்பிவிடாமல் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்து போய், ஒரு சிறிய கல் தாழியைத் தேடிப் பாருங்கள். தப்பிப் பிழைத்த மினசோட்டாக்காரர்கள் இறந்த தோழர்களுக்காக 1867இல் வைத்தது. கெட்டிஸ்பர்க்கில் ஒரு ரெஜிமென்டுக்கு எழுப்பிய முதல் நினைவுச்சின்னம் அதுதான்.