பரிசும் களரியும்

மீன்பாடும் தேனாடாகிய மட்டக்களப்பிலே கூத்தென்பது பாட்டும் ஆட்டமும் ஒன்றிய கலை. அண்ணாவியார் மத்தளம் முழக்குவார். ஆடுவோர் பாடப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவர். வட்டக்களரியிலே இரவு விடியும்வரை அது நிகழும்.

1962ஆம் ஆண்டிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு ‘கர்ணன் போர்’ என்னும் வடமோடிக் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். கற்றோர் கண் கூத்தின்பால் திரும்பிற்று. இன்று அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டியிலே பள்ளி மாணவரின் கூத்தும் குழுவிசையும் வலயம், மாகாணம் கடந்து தேசிய அரங்கை எட்டுகின்றன.

இவ்வளர்ச்சியை யான் குறைகூறேன். போட்டி இல்லையேல் தாளக்கட்டே அறியாது வளரும் பிள்ளைகள் பலர். ஆயினும் நிமிடக் கணக்கிலே பழகிய ஆட்டம் பரிசோடு மறக்கப்படுகின்றதே! ஆசிரிய அன்பர்களே, போட்டி முடிந்தபின் மாணவரை ஊர்க் களரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அண்ணாவியாரிடம் முழுக்கூத்தையும் கற்கட்டும்.