தராசில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'மொமென்டஸ்' என்றொரு பதம் உண்டு. 'மிக முக்கியமான' என்று மொழிபெயர்த்துவிடுவது வழக்கம். அது போதாது.

லத்தீன் மொழியில் 'மொமென்டம்' என்றால் அசைவு, அசைக்கும் விசை. தராசை ஒரு பக்கம் சாய்த்துவிடும் சிறு எடைக்கும் அதுவே பெயர். கணப்பொழுதைக் குறிக்கும் 'மொமென்ட்' முளைத்ததும் அதே வேரில்தான். ஆகவே, 'மொமென்டரி' என்றால் கணநேரமே நிற்பது; 'மொமென்டஸ்' என்றால் நெடுங்காலம் விளைவு நிற்பது. உடன்பிறப்புகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன! மாணவர்கள் மாற்றி எழுதிவிட்டால் அவர்களை மட்டும் கோபிப்பானேன்?

பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, சாய்க்கவும் வேண்டும். 1979 மார்ச் 28ஆம் தேதி இரவு, பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் பிரதமர் காலகனின் தொழிற்கட்சி சர்க்கார் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவு 311, எதிர்ப்பு 310. ஒரே ஓட்டு! கடும் நோயிலிருந்த தொழிற்கட்சி அங்கத்தினர் சர் ஆல்பிரட் பிராட்டன் அன்று சபைக்கு வரவில்லை. சில தினங்களில் காலமானார். மே மாதத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி வென்றது. மார்கரெட் தாட்சர் பிரதமரானார். 1990 வரை அவர் ஆட்சிதான்.

இப்படிப்பட்ட ஓட்டெடுப்பு, முடிவு, செய்தி, நாள் ஆகியவற்றுக்கே இந்த அடைமொழி பொருந்தும். மேடைப் பேச்சாளர்கள் சிலர் ஒவ்வொரு பாலத் திறப்பு விழாவுக்கும் இதைச் சூட்டிவிடுகிறார்கள், அது வேறு விஷயம். பழங்கோட்டைக்குச் சொல்ல 'ஹிஸ்டாரிக்' இருக்கிறது. தமிழில் 'திருப்புமுனையான' என்பது இதற்கு ஏறக்குறைய நெருங்கி வருகிறது.