பார்க்க ரெண்டும் எஸ்யூவிதான்... அடியில குனிஞ்சு பார்த்தீங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் ஷோரூம்களில் வழக்கமாகப் பார்க்கும் காட்சி இது. “வண்டின்னா ஸ்கார்ப்பியோ மாதிரி கம்பீரமா இருக்கணும்” என்பார் அப்பா. மகளுக்கு சன்ரூஃப் வேண்டும். அம்மாவின் கணக்கெல்லாம் மாதத் தவணை பற்றியது. பாட்டியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால், வண்டி வீட்டுக்கு வந்த அன்று, கால் தூக்கி ஏற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான்!

லட்சக்கணக்கில் கடன் வாங்கி, ஐந்து முதல் ஏழு வருடம் தவணை கட்டப்போகிற பொருள். தவறாகத் தேர்ந்தெடுத்தால் அத்தனை வருடமும் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடியில் இருப்பது என்ன?

ஒரு லாரியின் அடியில் பார்த்தால், நீளமான இரண்டு இரும்புச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் தெரியும். அச்சு அசலாக ஏணி. இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரங்கள் எல்லாம் இந்த ஏணியில் நிற்க, பாடி தனியாக மேலே போல்ட் போட்டுப் பொருத்தப்படும். இதுதான் லேடர் ஃப்ரேம். பொலேரோ, தார், ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர் எல்லாம் இந்த ரகம். ஃபார்ச்சூனரின் அடித்தளமும், ஹைலக்ஸ் பிக்கப்பின் அடித்தளமும் ஒன்றுதான்.

கிரெட்டா, ஹேரியர், கிராண்ட் விட்டாரா போன்றவற்றில் தனி ஏணி கிடையாது. தீப்பெட்டி மாதிரி, பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்கும். இது மோனோகாக். காரின் கட்டுமானத்தில் எஸ்யூவியின் உயரமும் தோற்றமும் சேர்ந்தால் அதுதான் கிராஸ்ஓவர்.

பெயரை மட்டும் நம்பக் கூடாது. 1998-ல் வந்த டாடா சஃபாரி லேடர் ஃப்ரேம். 2021-ல் வந்த சஃபாரி முன்சக்கரங்கள் இழுக்கும் மோனோகாக். இன்னோவா கிரிஸ்டா ஏணி ரகம். 2022-ல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் அப்படி இல்லை. ‘எங்க மாமா பத்து வருஷமா ஓட்டுறார், அதையே வாங்கலாம்’ என்று போனால், கிடைப்பது வேறு வண்டி!

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

வித்தியாசம் புரிய, மஹிந்திராவின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். 2021-ல் வந்த எக்ஸ்யூவி700 மோனோகாக். 2022-ல் வந்த ஸ்கார்ப்பியோ-என் லேடர் ஃப்ரேம். இரண்டிலும் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 2.2 லிட்டர் டீசல் என ஒரே குடும்பத்து இன்ஜின்கள். குணம் மட்டும் வேறு.

ஸ்கார்ப்பியோ-என்னின் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் இணைந்தவை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், அதன் அதிர்வு அடுத்த சக்கரத்துக்கும் போகும். எக்ஸ்யூவி700-ல் நான்கு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது எந்த வண்டி குறைவாகச் சாய்கிறது என்பதைப் பின்சீட்டில் இருப்பவரின் வயிறே சொல்லிவிடும்.

அதே நேரம், தார் ரோடு முடிந்து கல்லும் சேறுமான எஸ்டேட் பாதை ஆரம்பித்தால் கதை மாறுகிறது. ஸ்கார்ப்பியோ-என் டீசலின் ஃபோர் வீல் டிரைவில் ‘லோ ரேஞ்ச்’ கியர் உண்டு. வேகத்தைக் குறைத்து, இழுவிசையைக் கூட்டித் தரும் கியர் அது. எக்ஸ்யூவி700-ன் ஆல் வீல் டிரைவில் அது இல்லை.

‘ஏணி இருந்தா பாதுகாப்பு’ உண்மையா?

இரும்புச் சட்டம் இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே பயணிகள் இருக்கும் பகுதி உருக்குலையக் கூடாது. அதைத் தீர்மானிப்பது டிசைன்தான். மேலே சொன்ன இரண்டு வண்டிகளுமே குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கியவை. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப்பும் இருக்கிறது. ஸ்டார்களைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

வரியும் ஏணியைப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1,500 சிசிக்கு மிகாத டீசல் இன்ஜினும் இருந்தால் ஜிஎஸ்டி 18%. அதனால்தான் பொலேரோவுக்கு 18%. 4 மீட்டரைத் தாண்டிய கிரெட்டாவுக்கும் ஸ்கார்ப்பியோ-என்னுக்கும் 40%.

யாருக்கு எது?

தோட்டம், குவாரி, மலைக்கிராமம் என்று தினமும் கரடுமுரடான பாதையில் ஆளும் பாரமும் ஏற்றிப் போகிறவர்களுக்கு லேடர் ஃப்ரேம் கொடுத்த காசுக்கு உழைக்கும். ஆபீஸ், ஸ்கூல், மாதம் ஒருமுறை சொந்த ஊர், வருடம் ஒருமுறை ஊட்டி என்றால் கிராஸ்ஓவரே போதும். எடை குறைவு, தளம் தாழ்வு, சொகுசும் அதிகம். ஊட்டிக்குப் போவது தார் ரோட்டில்தான்; அதற்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன்...

* டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பத்தோடு போங்கள். எல்லா சீட்டிலும் ஆள் உட்காரட்டும்.

* மூன்றாவது வரிசையில் அரை மணி நேரமாவது பெரியவர் ஒருவர் உட்கார்ந்து வரட்டும். ஏணி ரகத்தில் தளம் உயரமாக இருப்பதால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும்.

* வழவழப்பான மெயின் ரோட்டில் மட்டும் ஓட்டாமல், வேகத்தடையும் பள்ளமும் உள்ள தெருவிலும் ஓட்டிப் பாருங்கள்.

* ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு, பின்னால் எத்தனை பெட்டி வைக்க முடிகிறது?

* ஃபோர் வீல் டிரைவ் எல்லா வேரியன்ட்டிலும் வராது. வாங்கப்போகும் வேரியன்ட்டில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

* வீட்டு கேட்டின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள்.

* எக்ஸ்-ஷோரூம் விலையை விட்டுவிட்டு, ஆன்-ரோடு விலையை ஒப்பிடுங்கள். டயர் விலையையும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஷோரூமில் வண்டியின் கதவு திறந்ததும் ஸ்டீயரிங் பக்கம் ஓடாதீர்கள். முதலில் பாட்டியை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்!