கூரை மேல் வெயிலும் குடும்பக் கணக்கும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் பெயர் தந்தவன் கதிரவனே. கிழக்கே கடலை அடுத்தது எழுவான்கரை. மேற்கே வயல்வெளி விரிந்தது படுவான்கரை. இத்தகைய நாட்டில் வெயிலைக் கொண்டு வீட்டுக்கு மின்சாரம் பெறத் தயக்கம் ஏன் என நேயர்கள் வினவலாம். வெயிலுக்கு விலையில்லை, அதைப் பிடித்துத் தரும் தகடுகளுக்கு உண்டு.

இலங்கையில் இக்கணக்கு மண்ணெண்ணெய் விளக்கோடு தொடங்கியது. 1990களின் பிற்பகுதியிலிருந்து, உலக வங்கியின் கடனுதவித் திட்டங்களின் வழியே, மின்கம்பி எட்டாத சிற்றூர்களில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டார் சிறிய சூரியத் தொகுதிகளைப் பெற்றனர். மண்ணெண்ணெய்க்கு மாதந்தோறும் கரைந்த பணமே தவணைக்கு அளவுகோல் ஆயிற்று.

2016இல் வந்த 'சூரிய பல சங்கிராமம்' என்னும் திட்டம் கூரையையே வருவாய்க்கு வழியாக்கியது. மிகுதி மின்சாரத்துக்கு முதல் ஏழாண்டுகள் அலகொன்றுக்கு 22 ரூபா என அப்போது விலை குறிக்கப்பட்டது. பின்னர் பதின்மூன்று ஆண்டுகள் 15.50 ரூபா. ஆயினும் முன்வந்தோர் பெரும்பாலும் மாதப் பட்டியல் பெருத்த வீட்டாரே. குறைவாகச் செலவிடுவோர்க்கு அலகு விலையும் குறைவு என்பதால், இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள படுவான்கரை உழவர் வீட்டில் போட்ட முதல் எளிதில் திரும்பாது. அவர் தயங்குவதை அறியாமை என்பது தவறு. அது சரியான கணக்கு.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மின்சாரம் நாள்தோறும் பல மணி நேரம் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் கட்டணம் ஏறத்தாழ 75 சதவீதம் உயரவே, பலர் சூரியத் தகட்டை நாடினர். ஆனால் தகடுள்ள வீடுகளும் மின்வெட்டில் இருண்டே கிடந்ததைக் கண்டு வியந்தவர் உளர். கம்பியைத் திருத்தும் தொழிலாளிக்கு ஆபத்து நேராதபடி, பொதுக்கம்பியில் மின்னோட்டம் நின்றதும் வீட்டுக் கருவியும் தானே நின்றுவிடும். இரவுக்கும் மின்வெட்டுக்கும் பற்றரி வேண்டும். அது வேறு செலவு.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. மின்னமைப்பின் சமநிலை காக்க அது தேவையாயிருக்கலாம். எனினும் கடன் வாங்கித் தகடு பொருத்தியவருக்கு இருபதாண்டு ஒப்பந்தத்தின் மீதுள்ள நம்பிக்கையும் ஒரு முதலீடு அல்லவா?

வாவிக்கரைக்கே உரிய செலவுகளும் உள. உப்புக்காற்று ஆணியையும் தாங்கு சட்டங்களையும் அரிக்கும். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியில் கூரையிழந்த குடும்பங்கள் பாரம் ஏற்றுமுன் வளைமரத்தைத் தட்டிப் பார்ப்பது இயல்பே. மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வேர்ட்டர் தகட்டைப் போல் இருபதாண்டு உழைப்பதில்லை. பெரும்பாலும் பத்தாண்டை ஒட்டி மாற்ற நேரிடும். 2016இன் விலைப்படி ஒப்பந்தம் செய்தவருக்கு அக்காலத்தில் அலகு விலையும் 22 ரூபாவிலிருந்து இறங்கியிருக்கும்.