தண்டுப் பகுதியில் பீர் காய்ச்சும் உணவகங்கள்: ஒரு தகப்பனின் குறிப்புகள்

நம் சங்கத்து ஆண்டு மலரில் கோயில்களைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் எழுதுவதுதான் வழக்கம். நானும் முன்பு அப்படித்தான் எழுதினேன். இம்முறை பெங்களூரு மகாத்மா காந்தி சாலை, பிரிகேட் ரோடு, சர்ச் ஸ்ட்ரீட் வட்டாரத்தில் பெருகியிருக்கும் பீர் காய்ச்சும் உணவகங்களைப் பற்றி எழுதுகிறேன். "ஐயா, இதெல்லாம் மலரில் போடுகிற சமாச்சாரமா?" என்று சிலர் கேட்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ஒரு நாள் மாலை வந்து, "அப்பா, வேலை கெடச்சிருச்சு" என்றாள். எங்கேம்மா என்றேன். "சர்ச் ஸ்ட்ரீட் பக்கத்துல, மைக்ரோ புரூவரி. அவங்களே பீர் காய்ச்சி, அங்கேயே ஓட்டலும் நடத்துறாங்க. எனக்குக் காய்ச்சுற பக்கம் வேலை" என்றாள். என் மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பழைய காயம் உண்டு. என் சித்தப்பா பாக்கெட் சாராயத்தால் 1994இல் இறந்தார். கர்நாடகத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது 2007இல்தான். அவர் காலத்தில் தெருமுனையிலேயே கிடைக்கும். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "மஞ்சள் காமாலை" என்றே சொல்லி வைத்தோம். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு எதையும் விளக்கிச் சொன்னதில்லை. ஆகவே மகளிடம் "வேண்டாம்" என்பதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம் என்று முடிவு செய்தேன். தெரிந்துகொண்டதைத்தான் இங்கே தருகிறேன்.

தண்டும் பீரும்

எங்கள் பெரியவர்கள் அந்த வட்டாரத்தைத் 'தண்டு' என்பார்கள். தண்டு என்றால் படை. 1809இல் ஆங்கிலேயர் இங்கே படை முகாம் அமைத்தார்கள். படைக்குப் பின்னாலேயே ஒப்பந்தக்காரர்கள், சமையல்காரர்கள், வண்டிக்காரர்கள், கட்டடத் தொழிலாளர்கள் என்று சென்னை மாகாணத்துத் தமிழர்கள் வந்து அல்சூரிலும் சிவாஜி நகர்ப் பக்கத்திலும் குடியேறினார்கள். நம்மில் பலருடைய குடும்பக் கதை அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய மகாத்மா காந்தி சாலை அன்று சவுத் பரேடு. அணிவகுப்புத் திடலின் தென்புறச் சாலை என்பதால் அந்தப் பெயர். 1948இல்தான் காந்தியின் பெயர் வந்தது.

படை இருந்த இடத்தில் பீரும் இருந்தது. நீலகிரியிலும் பெங்களூரிலும் இருந்த சிறு சிறு பீர் ஆலைகளை 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக இணைத்தார். அதுதான் யுனைடெட் புரூவரீஸ். சிப்பாய்களுக்குப் பெரிய பெரிய பீப்பாய்களில் பீர் போகும். 1940களின் இறுதியில் நிறுவனம் விட்டல் மல்லையாவின் கைக்கு வந்தது. பழைய ஆலை இருந்த இடத்தில்தான் இன்று யூ.பி. சிட்டி வணிக வளாகம் நிற்கிறது. அதன் முன்னால் போகும் சாலைக்கும் அவர் பெயர்தான்.

1980களின் பின்பகுதியில் இதே வட்டாரத்தில் பப்புகள் வந்தன. 'பப் நகரம்' என்ற பட்டம் பெங்களூருக்கு ஏற்பட்டது அப்போதுதான். ஆக, இந்தத் தொழில் நேற்று மென்பொருள் பிள்ளைகளோடு வந்து இறங்கியதல்ல. தண்டின் வயதுக்கு அதன் வயதும் ஏறக்குறைய சமம்.

உணவகத்துக்குள் ஓர் ஆலை

புதிதாக வந்தது, உணவகத்துக்குள்ளேயே காய்ச்சும் முறை. கர்நாடகத்தில் இது 2010ஐ ஒட்டித் தொடங்கியது. இந்திராநகரில் டாய்ட், விட்டல் மல்லையா சாலையில் பியர் கிளப், பிரிகேட் ரோட்டுக்குப் பக்கத்தில் மெக்ராத் ரோட்டில் ஆர்பர் என்று 2010க்கும் 2012க்கும் இடையில் வரிசையாக வந்தன. பிறகு ஊரெங்கும் பரவிவிட்டது.

மகள் என்னை ஒரு நாள் காலையில் அழைத்துப்போய்க் காட்டினாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் எஃகுத் தொட்டிகள். "பயப்படாதீங்கப்பா, நம்ம வீட்டுல பண்றதுதான்" என்றாள். பார்த்தால், பாதி உண்மைதான்.

குழந்தைகளுக்குக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, கஞ்சி காய்ச்சுகிறோம் அல்லவா? முளைகட்டினால் தானியத்தில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உருவாகின்றன. பார்லியை அப்படி முளைகட்டி உலர்த்தியதுதான் மால்ட். அதை உடைத்து, சுமார் 65 டிகிரி சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். மாவு இனிப்பாகிறது. வடிகட்டிய அந்த இனிப்பு நீரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கும்போது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்க்கிறார்கள். கசப்பும் மணமும் அதனால்தான். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. இட்லி மாவு பொங்குவதும் நுண்ணுயிர்கள் விடும் வாயுவால்தான். 'ஏல்' வகை 20 டிகிரி அளவில் சுமார் ஒரு வாரத்தில் நொதித்துவிடும். 'லாகர்' வகைக்கு 10 டிகிரி போலக் குளிர் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். வடித்த பிறகு மிஞ்சும் சக்கை மாட்டுக்கு நல்ல தீவனம்.

இந்த பீரை பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவதில்லை. சூடேற்றிக் கிருமி நீக்காமல், குளிரிலேயே வைத்து, அங்கேயே விற்கிறார்கள். அங்கேயே விற்க வேண்டுமென்றால் ஆட்கள் வந்து உட்கார வேண்டும். உட்கார வேண்டுமென்றால் சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும். பழைய பார்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். நான் போனது ஒரு ஞாயிறு. மதியம் ஆனதும் பாட்டி, பேரன் சகிதம் குடும்பங்கள் வந்தன. பீட்சா, மிளகாய்க் கோழி, கோபி மஞ்சூரியன் என்று மேசை நிறைந்தது. நாலு பேர் உள்ள மேசையில் இரண்டு பேர் எலுமிச்சை சோடாதான் குடித்தார்கள். கடைத்தெருவுக்கு வந்த கூட்டம் அப்படியே சாப்பிட உட்காருகிறது. கல் பதித்து 2018இல் சர்ச் ஸ்ட்ரீட்டைப் புதுப்பித்த பிறகு நடப்பவர்கள் கூட்டம் இன்னும் அதிகம். பழைய புத்தகக் கடையும், 2009இல் எம்.ஜி. ரோட்டிலிருந்து இடம் மாறிய இந்தியன் காபி ஹவுஸும், பப்பும் அங்கே ஒரே தெருவில் இருக்கின்றன.

'பீர்தானே' என்னும் பேச்சு

இதுவரை படித்தவர்கள் நான் கட்சி மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். கணக்கையும் பார்ப்போம்.

பொதுவாக இந்த பீரில் 5 சதவீதம் ஆல்கஹால். அரை லிட்டர் குவளையில் 25 மில்லி. நம் நாட்டு விஸ்கியில் 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜில் ஏறத்தாழ 25.7 மில்லி. அதாவது ஒரு பெரிய குவளை பீரும் ஒரு லார்ஜ் விஸ்கியும் கிட்டத்தட்ட ஒன்று. 'பீர்தானே' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 7, 8 சதவீதம் உள்ள வகைகளும் உண்டு. பலகையில் பெயருக்குப் பக்கத்தில் எண் எழுதியிருக்கும். அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அறுபது கிலோ எடையுள்ளவர் அரை லிட்டரை மடமடவென்று குடித்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். எம்.ஜி. ரோட்டுக்கு 2011 முதல் மெட்ரோ ஓடுகிறது. வண்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே! 21 வயது ஆகாதவர்களுக்கு மது பரிமாறக் கூடாது என்பது கர்நாடக உரிம விதி. அதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

"நெலையான வேலையா இது?" என்று என் மனைவி கேட்டதும் நியாயமே. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்ததால், 2017 ஜூலைத் தொடக்கத்தில் இந்த வட்டாரத்துப் பப்புகள் பல மூடிக் கிடந்தன. 2020 ஊரடங்கில் மறுபடியும். பரிமாறுபவர், பாத்திரம் துலக்குபவர் வரை எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. மகளிடம் இதையும் மறைக்காமல் சொன்னோம்.

வள்ளுவர் பார்க்கிறார்

அல்சூர் ஏரிப் பக்கம் 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை நிற்கிறது. பிரிகேட் ரோட்டிலிருந்து அரை மணி நடைதான். குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. அதே தமிழில், அதியமான் ஔவைக்குக் கள் ஊற்றிக் கொடுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. இரண்டும் நம் முன்னோர் எழுதியவைதான். கள் இல்லாத தமிழகம் என்று ஒன்று இருந்ததில்லை. அதன் கேட்டை எடுத்துச் சொல்லாத தமிழகமும் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் விட்டுப்போனது அந்த எடுத்துச் சொல்லும் பழக்கம்தான்.

மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். சேருவதற்கு முந்தின இரவு அவளை உட்காரவைத்துச் சித்தப்பாவின் கதையை முழுதாகச் சொன்னேன். மஞ்சள் காமாலை இல்லை, சாராயம் என்று முதல் முறையாக என் வாயால் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

நான் இன்றுவரை குடிப்பதில்லை, இனியும் குடிக்கப்போவதில்லை. நம் பிள்ளைகள் அந்தத் தெருவில் நடக்கத்தான் போகிறார்கள், நண்பர்களோடு உட்காரத்தான் போகிறார்கள். அவர்களுக்குக் கணக்கும் சட்டமும் நம் வீட்டுக் கதையும் தெரிந்திருக்கட்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.