ஓதம் கண்டுபிடிக்கும் குறைகள்

பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ பழையதாக வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் முகத்தை. பளபளக்கும் குமிழ்கள், முள் ஆடும் மீட்டர், சிவப்பாக எரியும் சேனல் எண். ஊட்டியிலோ குன்னூரிலோ வைத்துப் பேசப்போகிறவர் முகத்தை விட்டுவிட்டு மூடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. இந்த மலையில் பெட்டியைக் கெடுப்பவை வேறு, சமவெளியில் கெடுப்பவை வேறு.

சென்னையில் பழைய செட்டு படுத்துவிட்டால் மெக்கானிக்கின் சந்தேகம் முதலில் கண்டென்சர் மேல்தான் விழும். மின்பகு திரவம் ஊறிய காகிதத்தை அலுமினியத் தகடோடு சுருட்டி, ரப்பர் அடைப்பு வைத்து மூடிய உருளை அது. வெப்பத்தில் திரவம் மெல்ல மெல்ல வற்றும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிப்போன கணக்கு. அந்தக் கணக்குப்படி ஊட்டியின் குளிர் கண்டென்சருக்கு நல்லதுதான். குளிரோடு கூட வருகிற ஓதம்தான் வில்லங்கம். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு பெய்யாத ஆண்டிலும் ஜூன் தொடங்கினால் சுவர் வியர்க்கும், தோல் செருப்பில் பூசணம் பூக்கும். சேனல் மாற்றும் சுவிட்சின் செம்புத் தகடுகள் மட்டும் தப்பிக்குமா? அவை கறுத்துப்போனால் ஒரு சேனல் பேசும், அடுத்தது ஊமையாகும், மூன்றாவதில் குமிழை அழுத்திப் பிடித்தால்தான் குரல் வரும். கேட்பதிலிருந்து பேசுவதற்கு மாற்றிவிடும் ரிலே, மைக் சொருகும் பின், ஒலிக்குமிழ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மலிவு விலைப் பெட்டிகளில் வரும் பழுப்பு நிறக் காகிதப் பிசின் போர்டு ஈரத்தை உறிஞ்சும். அதிர்வெண் நிலையாக நிற்காமல் நழுவும்.

இதையெல்லாம் வயதின் கோளாறு என்பார்கள். பாதிக்கு மேல் பிறவிக் கோளாறு என்பது என் எண்ணம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க லாரி ஓட்டுநர்களால் சிபி ஒரு பித்தாகவே பரவியது. 23 சேனல் செட்டுகள் வந்த வேகத்தில் விற்றன. 1977 ஜனவரி 1 முதல் அந்நாட்டு அரசு சேனல்களை 40 ஆக்கியதும் கிடங்கில் கிடந்த 23 சேனல் பெட்டிகளுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. விலை சரிந்தது. ஹை-கெயின் போன்ற பேர்பெற்ற நிறுவனமே திவாலானது. அந்த நெருக்கடியில் விலையைக் குறைக்க எங்கே கை வைப்பார்கள்? சுவிட்சின் பூச்சில், போர்டின் தரத்தில், சால்டரிங் பார்த்துச் சரிசெய்யும் ஆளில். பாகங்கள் அசையாமலிருக்கச் சில பெட்டிகளில் மஞ்சள் பசை போட்டு ஒட்டினார்கள். அன்று அது நல்ல யோசனை. ஆண்டுகள் போகப் போகப் பசை பழுப்பாகி, மின்சாரத்தைக் கசியவிட்டு, கம்பிக் கால்களை அரித்தது. குறிப்பாக அதிர்வெண்ணை உருவாக்கும் பகுதியில் இந்தப் பசை இருந்தால் முதல் வேலையாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

ஜீப்பில் பொருத்தினால் இன்னொரு தொல்லை. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டியில், கனமான காயில் நிற்கும் இடத்தில் சால்டர் வளையமாக விரிசல் விடும். பார்வைக்குத் தெரியாது. பெட்டியைத் தட்டினால் பேசும், விட்டால் நிற்கும். கடைக்காரர் இதை டிரை சால்டர் என்பார்; மறுபடி சூடு வைத்தால் தீர்ந்தது. பியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்த பெட்டி கிடைத்தால் வாங்க வேண்டாம். பியூஸ் காப்பாற்றாத நிலையில் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருந்தால் அன்று உள்ளே என்னென்ன எரிந்தது என்று யாருக்கும் தெரியாது.

நீலகிரியில் இந்தத் தரப் பிரச்சினை செட்டின் சொந்தக்காரரோடு முடிவதில்லை. ஊட்டிக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைச்சரிவின் சாய்வு அந்த ஊரின் அட்சரேகையான ஏறத்தாழ 11 டிகிரிக்குப் பொருந்துவதால்தான் அந்த இடம் தேர்வானது. அது செவிகொடுப்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். இந்தியாவில் 5 வாட் வரை உரிமமின்றிப் பேச அனுமதியுள்ள சிபி அலைவரிசை 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை. அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 323.5 முதல் 327.4 வரை. வானியலுக்கென உலக அளவில் ஒதுக்கிய 322 – 328.6 மெகாஹெர்ட்ஸுக்குள் முழுதாக விழுகிறது! எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அதிர்வெண்ணின் மடங்குகளில் கொஞ்சம் கசியவிடும். ஏரியலுக்கு முன்னால் உள்ள வடிகட்டியும், பெட்டியைச் சுற்றிய உலோக உறையும் சரியாக இருந்தால் பன்னிரண்டாவது மடங்கு ஒன்றுமில்லாமல் போகும். துருப்பிடித்த உறை, தளர்ந்த திருகு, யாரோ ‘பவர் ஏற்றுகிறேன்’ என்று திருகிவிட்ட காயில் என்றால் நிலைமை வேறு. பல கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து வரும் முணுமுணுப்பைக் கேட்கிற கருவிக்குப் பக்கத்து மலையின் கசிவு இரைச்சல்தான்.

அந்தத் தொலைநோக்கியும் இதே மழையில்தான் நனைகிறது. அலைகளைப் பிரதிபலிக்க அதில் இழுத்துக் கட்டிய சுமார் 1,100 கம்பிகளும் துருப்பிடிக்காத எஃகு. குவியக் கோட்டில் 1,056 இருமுனை ஏரியல்கள்; 1990-களின் தொடக்கத்தில் அவற்றைப் புதுப்பித்தபோது ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே ஒரு பெருக்கி வைத்தார்கள், குறி கேபிளில் தேய்ந்துபோகாமல் இருக்க. பணம் தாராளமாக இல்லாத காலத்தில் உள்நாட்டிலேயே செய்த வேலை இது. விலை குறைந்தால் தரம் குறைந்தே தீரும் என்று சிபி கம்பெனிகளுக்கு நாம் ஏன் சலுகை கொடுக்க வேண்டும்?

வாங்கிவிட்டவர்களுக்கு: பல வருடம் சும்மா கிடந்த செட்டுக்கு எடுத்ததும் முழு வோல்டேஜ் கொடுக்காதீர்கள். உறங்கிய கண்டென்சர் தன் ஆக்சைடு படலத்தை மீட்க அவகாசம் வேண்டும். குறைந்த வோல்டேஜில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். அதற்கும் முன்னால் கூரைமேல் ஏறி ஏரியல் கேபிளின் முனையைப் பாருங்கள். அடைப்பு சரியில்லாத இணைப்பில் புகும் மழைநீர் பின்னிய கம்பி வழியே மீட்டர் கணக்கில் உள்ளே இறங்கும். ஏரியலுக்குப் போகவேண்டிய சக்தி திரும்பி வந்து அவுட்புட் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். புது டிரான்சிஸ்டர் போட்டும் மறுபடி எரிந்தால் செட்டைத் திட்டுவதில் பயனில்லை. கேபிளை மாற்றி, இணைப்பை நீர்புகா நாடாவால் இறுகச் சுற்றி, கேபிள் சுவருக்குள் நுழையும் முன் தண்ணீர் சொட்டி விழ ஒரு தொங்கல் விட்ட பிறகே பேச்சுப் பொத்தானை அழுத்துங்கள்.